கொரியாவுல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க யாருக்குத் தகுதி?

இன்னைக்கு எபிசோடு ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து வந்தது. அனுப்பினவங்க திருப்பூர்க்காரங்க. எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடிச்சிட்டு, காதர்பேட்டைக்குப் பக்கத்துல ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்ல ரெண்டு வருஷமா கிளாஸ் எடுக்கறாங்க. அவங்க கேட்டது இதுதான்: "ஏனுங்கண்ணா, கொரியாவுல யுனிவர்சிட்டி லாங்குவேஜ் சென்டர்ல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டுக்காரங்களை எடுக்கறாங்களே, நம்மளையெல்லாம் எடுப்பாங்களா?"

சின்னப் பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. காரணம் உங்க இங்கிலீஷ் இல்ல, உங்க பாஸ்போர்ட்.

தென்கொரியாவுல மொழி சொல்லிக்கொடுக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு ஈ-2ன்னு ஒரு விசா இருக்கு. இங்கிலீஷ் டீச்சரா அந்த விசாவுல போகணும்னா, பொதுவா ஏழு நாடுகள்ல ஒண்ணோட குடிமக்களா இருக்கணும்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அந்த ஏழு பாஸ்போர்ட்ல ஒண்ணு கையில இருந்தா, டிகிரி எந்த சப்ஜெக்ட்ல இருந்தாலும் சரி. விலங்கியல் படிச்சவரும் போகலாம். பேராசிரியர்களுக்கான ஈ-1 விசா தனி. அதுல இந்த நாட்டு லிஸ்ட் கிடையாது. ஆனா யுனிவர்சிட்டி லாங்குவேஜ் சென்டர் வேலை விளம்பரங்களைப் பார்த்தா, "நேட்டிவ் ஸ்பீக்கர்" வேணும்ங்கற வரி அடிக்கடி கண்ணுல படும்.

இந்த லிஸ்ட்ல தென்னாப்பிரிக்கா இருக்கறதைக் கவனிங்க. அங்க அதிகாரபூர்வ மொழிகள் 12. வீட்டுல இங்கிலீஷ் பேசறவங்க பத்துல ஒருத்தருக்கும் குறைவு. மத்தவங்க ஜூலு, கோசா, ஆப்ரிகான்ஸ்னு பேசறாங்க. அப்போ இந்த லிஸ்ட் அளக்கறது தாய்மொழியை இல்ல. எங்க சாஃப்ட்வேர் பாஷைல சொன்னா, அளக்க வேண்டியதை அளக்கக் கஷ்டமா இருக்குன்னு, சுலபமா அளக்கக் கூடிய வேற ஒண்ணை அளக்கறாங்க. ஒரு டீச்சருக்கு சொல்லிக்கொடுக்கத் தெரியுமான்னு பார்க்க நேரம் ஆகும். பாஸ்போர்ட் பார்க்க ரெண்டு செகண்ட் போதும்.

இது இன்னைக்கு விதி. ஆனா "யார் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாம்"ங்கற கேள்விக்கு கொரியாவுல 140 வருஷ வரலாறு இருக்கு. அந்த வரலாற்றுல நம்ம ஊர் ரெண்டு இடத்துல வருது. ஒரு தடவை ஒரு இலக்கணப் புத்தகமா, இன்னொரு தடவை ஒரு பாடமுறையா. இன்னைக்கு அந்தக் கதைதான்.

சியோலின் முதல் இங்கிலீஷ் வாத்தியார்கள்

1882-ல கொரியாவும் அமெரிக்காவும் ஒரு ஒப்பந்தம் போடுது. அதுவரைக்கும் மேற்கு நாடுகளோட சேராம கதவைச் சாத்தி வெச்சிருந்த நாடு அது. ஒப்பந்தம் போட்டாச்சு, ஆனா எதிர்ல உட்கார்ந்து பேசறவங்க என்ன சொல்றாங்கன்னு புரியணுமே. மொழிபெயர்ப்பாளர்கள் வேணும். அதுக்காக 1883-ல சியோல்ல தோங்முன்ஹாக்னு ஒரு பள்ளியை அரசாங்கம் ஆரம்பிக்குது. அதை அமைச்சவர் மொல்லண்டார்ஃப்னு ஒரு ஜெர்மன்காரர். கொரிய அரசருக்கு ஆலோசகரா, சுங்கத் துறையைப் பார்த்துக்க வந்தவர்.

அந்தப் பள்ளியில முதல்ல இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? அமெரிக்காவுல படிச்சிட்டுத் திரும்பியிருந்த ரெண்டு சீனர்கள். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் ஹாலிஃபாக்ஸ்னு ஒரு ஆங்கிலேயர் வந்து சேர்றாரு. அதாவது, ஒரு ஜெர்மன்காரர் ஆரம்பிச்ச பள்ளியில, ரெண்டு சீனர்கள் கொரியர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாங்க. கொரிய அரசாங்கத்தோட இங்கிலீஷ் வகுப்பு தொடங்கினது இப்படித்தான். இன்னைக்கு விசா லிஸ்டை வெச்சுப் பார்த்தா அந்த ரெண்டு பேருக்கும் அங்க வேலை கிடைச்சிருக்காது.

1886-ல அரசர் கோஜோங் இன்னொரு பள்ளியைத் திறக்கறாரு. பேரு யுக்யோங் கோங்வோன், அரச கல்லூரின்னு வெச்சுக்கலாம். உயர்குடும்பத்துப் பசங்களும் இளம் அதிகாரிகளும் படிக்க வேண்டிய இடம். அதுக்குன்னே அமெரிக்காவுல இருந்து மூணு இளைஞர்களை வரவழைச்சாங்க: கில்மோர், பங்கர், ஹல்பர்ட். இதுல கடைசிப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க. ஹோமர் ஹல்பர்ட். பொறந்தது 1863, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். கொரியாவுல கால் வைக்கும்போது வயசு 23. இன்னைக்கு காலேஜ் முடிச்ச கையோட இங்கிலீஷ் டீச்சரா சியோலுக்கு ஃப்ளைட் ஏறற பசங்களோட வயசு.

கால்டுவெல்லைப் படிச்ச இங்கிலீஷ் டீச்சர்

ஹல்பர்ட் வந்தது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க. ஆனா வந்ததும் அவர் செஞ்ச முக்கியமான வேலை கொரிய மொழி கத்துக்கிட்டது. சும்மா கடைக்குப் போய் பேரம் பேசற அளவுக்கு இல்ல. நாலஞ்சு வருஷத்துக்குள்ள கொரிய மொழியிலயே, முழுக்க ஹங்குல் எழுத்துல, உலக புவியியல் பாடப்புத்தகம் ஒண்ணு எழுதிட்டாரு. பேரு "சமின்பில்ஜி". படிச்சவங்களும் சாமானியர்களும் கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியதுங்கற அர்த்தத்துல வெச்ச பேரு.

அந்தக் காலத்துல அதுக்கு என்ன பொருள்னு சொல்லணும். ஹங்குல் 15-ஆம் நூற்றாண்டுல அரசர் செஜோங் காலத்துல உருவான எழுத்து. கத்துக்க ரொம்ப சுலபம். ஆனா படிச்ச வர்க்கம் சீன எழுத்தைத்தான் மதிச்சது. ஹங்குலை ஏதோ குறைவான ஒண்ணா நினைச்சாங்க. ஹல்பர்ட் அந்தப் புத்தகத்தோட முன்னுரையில இதைத்தான் கேக்கறாரு: இவ்வளவு நல்ல எழுத்தை வெச்சுக்கிட்டு ஏன் அதை ஒதுக்கறீங்கன்னு. இங்கிலீஷ் வாத்தியார் தாய்மொழிக்காக வாதாடறாரு.

பள்ளியோட கதை நல்லா முடியல. உயர்குடும்பத்துப் பசங்களுக்குப் படிப்புல ஆர்வம் குறைஞ்சது, 1894-ல பள்ளியே மூடியாச்சு. ஆனா ஹல்பர்ட் கொரியாவை விடல. 1905-ல சியோல்ல அவரோட ஒரு புத்தகம் வருது. அதோட தலைப்பைத் தமிழ்ல சொன்னா: "கொரிய மொழி, இந்தியாவின் திராவிட மொழிகள் ஆகியவற்றின் ஒப்பிலக்கணம்".

ஆமா, நம்ம திராவிட மொழிகள்தான். சியோல்ல உட்கார்ந்திருந்த அமெரிக்கருக்குத் தமிழ் இலக்கணம் எங்கிருந்து கிடைச்சது? இடையன்குடியில இருந்து. ராபர்ட் கால்டுவெல் 1856-ல வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வழியா. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு தனிக் குடும்பம், சமஸ்கிருதத்துல இருந்து வந்தவை இல்லன்னு விரிவா நிறுவின புத்தகம் அது. அதைப் படிச்ச ஹல்பர்ட்டுக்கு, பக்கத்துக்குப் பக்கம் தனக்குத் தெரிஞ்ச கொரிய மொழி தெரிஞ்சிருக்கு. வினைச்சொல் வாக்கியக் கடைசியில வருது. வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி ஒட்டுது. வினையோட வாலைப் பிடிச்சு ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போகலாம்.

அதே 1905-ல ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பு நாடுன்னு அறிவிச்சுப் பிடிக்குது. உதவி கேட்டு அரசர் எழுதின கடிதத்தை எடுத்துக்கிட்டு வாஷிங்டனுக்குப் போனவர் இந்த இங்கிலீஷ் வாத்தியார்தான். அமெரிக்கா காது கொடுக்கல. 1907-ல ஹேக் நகர மாநாட்டுக்கு அரசர் ரகசியமாத் தூதர்களை அனுப்பினப்பவும் ஹல்பர்ட் அவங்களுக்குத் துணையா நின்னாரு. அதுவும் பலிக்கல. கொரியா விடுதலை ஆனப்புறம், 1949-ல, 86 வயசுல திரும்பி வந்தாரு. வந்த ஒரு வாரத்துல சியோல்லயே இறந்துட்டாரு. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில புதைக்கப்படறதைவிட கொரிய மண்ணுல புதைக்கப்படறதையே விரும்பறேன்னு அவர் சொன்னது, யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்துல அவரோட கல்லுல பொறிச்சிருக்கு.

அம்மா, அப்பா, அப்புறம் காப்பி

கே-டிராமா பார்க்கறவங்க இந்நேரம் துள்ளிக்கிட்டு இருப்பீங்க. "அம்மாவுக்கு ஓம்மா, அப்பாவுக்கு அப்பா, புல்லுக்கு புல், நாளுக்கு நல்! அப்போ ரெண்டும் ஒரே குடும்பம்தானே?"

இல்ல. இன்னைக்கு மொழியியலாளர்கள் ஹல்பர்ட்டோட முடிவை ஏத்துக்கறதில்ல. அம்மா, அப்பா மாதிரி வார்த்தைகள் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், ஏன்னா குழந்தை வாயில முதல்ல வர்ற ஒலிகள் ம-வும் ப-வும்தான். நாலஞ்சு வார்த்தை ஒத்துப்போறது உறவுக்கு ஆதாரம் இல்ல. நூத்துக்கணக்குல, ஒழுங்கான ஒலி மாற்ற விதியோட ஒத்துப்போகணும். வினை கடைசியில வர்ற மொழிகளும் நிறைய. ஜப்பானிய மொழி அப்படி, துருக்கி அப்படி.

ஆனா எனக்கு ஹல்பர்ட்டோட புத்தகத்துல வேற ஒண்ணு முக்கியமாப் படுது. ரத்த உறவுங்கற முடிவு நிக்கல, சரி. அமைப்புல இருக்கற ஒற்றுமை உண்மைதானே? அதை ஒரு இங்கிலீஷ் வகுப்பறைக்குள்ள கொண்டுபோங்க.

கொரிய மொழியில "ஏ", "தி" மாதிரி சுட்டு இடைச்சொற்கள் கிடையாது. தமிழ்லயும் கிடையாது. அதனால கொரிய ஸ்டூடன்ட் எங்க "தி"யை விடுவாரோ, கிட்டத்தட்ட அங்கதான் காங்கேயத்து ஸ்டூடன்ட்டும் விடுவாரு. கொரிய மொழியில ஃப ஒலி இல்ல. அதனால காஃபி அங்க "கொப்பி", நம்ம வீட்டுல "காப்பி". நம்ம "ப" எழுத்து வார்த்தை முதல்ல ஒரு மாதிரியும் நடுவுல இன்னொரு மாதிரியும் ஒலிக்கும். பல், அப்புறம் கம்பம். கொரிய எழுத்தும் அதே மாதிரிதான், அதனாலதான் அந்தத் துறைமுக நகரத்தை ஒரு காலத்துல பூசான்னு "பி" போட்டும், இப்போ "பு"வுக்கு வேற ஆங்கில எழுத்துப் போட்டும் எழுதறாங்க. ஸ்கூல்ங்கற வார்த்தையில ஸ-வும் க-வும் ஒட்டி வர்றது அவங்களுக்கும் கஷ்டம், நடுவுல ஒரு உயிரெழுத்தைச் சொருகிக்குவாங்க. நம்ம பாட்டிமார் முன்னாடி ஒண்ணைச் சொருகி "இஸ்கூலு"ன்னு சொல்றாங்க.

பொறந்ததுல இருந்து இங்கிலீஷ் பேசற ஒருத்தருக்கு, "தி" எங்க வரும்னு தெரியும். ஏன் உங்களுக்கு அது வரமாட்டேங்குதுன்னு தெரியாது. இந்த மேட்டுல சைக்கிள் மிதிச்சுப் பழகினவங்களுக்குத்தான் எந்த இடத்துல மூச்சு வாங்கும்னு தெரியும். ஹல்பர்ட் கொரிய மொழியைக் கத்துக்கிட்டதால அந்த மேட்டை எதிர்ப்பக்கத்துல இருந்து ஏறிப் பார்த்தவர். நம்ம ஊர் இங்கிலீஷ் டீச்சர் ஏற்கெனவே ஏறினவங்க.

லாங்குவேஜ் சென்டர் எப்படி வந்தது

1945-க்கு அப்புறம் கொரியாவுல இங்கிலீஷ்னா அமெரிக்கான்னு ஆகிடுச்சு. தெற்குல மூணு வருஷம் அமெரிக்க ராணுவ நிர்வாகம், அப்புறம் போர், அப்புறம் அங்கயே தங்கின அமெரிக்கப் படை. 1966-ல இருந்து 1981 வரைக்கும் அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள், பீஸ் கார்ப்ஸ்னு சொல்வாங்க, பள்ளியிலயும் யுனிவர்சிட்டியிலயும் இங்கிலீஷ் எடுத்தாங்க. 1975-ல யேசான்ங்கற சின்ன ஊர்ல நடுநிலைப் பள்ளியில இங்கிலீஷ் எடுத்த கேத்லீன் ஸ்டீபன்ஸ், 2008-ல அமெரிக்கத் தூதராவே கொரியாவுக்குத் திரும்பி வந்தாங்க, சரளமாக் கொரிய மொழி பேசிக்கிட்டு.

யுனிவர்சிட்டி லாங்குவேஜ் சென்டருக்கு ரெண்டு முகம். ஒண்ணு, வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொரிய மொழி சொல்லிக்கொடுக்கறது. யோன்செ பல்கலைக்கழகம் 1959-லயே அதுக்குன்னு ஒரு நிலையம் ஆரம்பிச்சது. இன்னொண்ணு, கொரிய மாணவர்களுக்கு இங்கிலீஷ். முதல் வருஷ மாணவர்களுக்குக் கட்டாய உரையாடல் வகுப்பு, லீவுல தீவிரப் பயிற்சி, வேலைக்குப் போறவங்களுக்கு டோயிக் பரீட்சைக்கான கோச்சிங். டோயிக்னா, ஆபீஸ் இங்கிலீஷை அளக்கற பரீட்சை. ஜப்பான்காரங்க கேட்டதால அமெரிக்க நிறுவனம் ஒண்ணு உருவாக்கி 1979-ல நடத்தினது, 1982-ல கொரியாவுக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் அந்த மார்க்கைக் கேட்க ஆரம்பிச்சதும், அது நம்ம ஊர் ஆப்டிடியூட் டெஸ்ட் மாதிரி ஆகிடுச்சு. தப்பிக்க முடியாது.

1995-ல அரசாங்கமே எபிக்ங்கற திட்டத்துல வெளிநாட்டு டீச்சர்களைப் பள்ளிகளுக்கு எடுக்க ஆரம்பிச்சது. 1997-ல மூணாம் வகுப்புல இருந்தே இங்கிலீஷ் பாடம். வெறும் இலக்கண மனப்பாடம் போதாது, பேசணும், உபயோகிக்கணும்ங்கற குரல் வலுத்தது. டீச்சர்கள் வகுப்புல "டாஸ்க்" கொடுக்க ஆரம்பிச்சாங்க. "கையில இவ்வளவு பணம், மூணு நாள், எந்த ஊருக்குப் போவீங்க, திட்டம் போடுங்க" மாதிரி. ஸ்டூடன்ட்டோட கவனம் வேலையை முடிக்கறதுல இருக்கும், இங்கிலீஷ் அதுக்கான கருவியா நடுவுல வந்து போகும்.

இந்த "டாஸ்க்" முறை எங்க பொறந்ததுன்னு தேடினா, பாதை நேரா நம்ம பக்கம் வருது.

27,000 டீச்சர்கள், ஒரு பனிப்பந்து

சுதந்திரத்துக்கு அப்புறம் மெட்ராஸ் மாநிலத்துக்கு ஒரு பிரச்சனை. இங்கிலீஷ் பாடம் இருக்கு, ஆங்கிலேய வாத்தியார்கள் கிளம்பிட்டாங்க. கிராமத்துப் பள்ளி ஆசிரியர்தான் எடுக்கணும். 1950-களோட கடைசியில பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோட பெரிய பயிற்சி இயக்கம் ஒண்ணு நடந்தது. ஆரம்ப நிலையில இங்கிலீஷ் எடுக்கற 27,000 ஆசிரியர்களை மறுபடி பயிற்றுவிக்கறதுதான் குறி. எப்படி? முதல்ல கொஞ்சப் பேருக்குப் பயிற்சி, அவங்க இன்னும் கொஞ்சப் பேருக்கு, அவங்க அடுத்தவங்களுக்கு. உருளஉருளப் பெருசாகற பனிப்பந்து மாதிரி. அதனால இதுக்கு "மெட்ராஸ் ஸ்னோபால்"னே பேரு வந்தது. பனியே பார்க்காத ஊர்ல!

1958-ல ஹைதராபாத்ல மத்திய ஆங்கில நிறுவனம், 1963-ல பெங்களூர்ல மண்டல ஆங்கில நிறுவனம். எல்லாரும் கொண்டுபோனது "ஸ்ட்ரக்சுரல்" முறை. வாக்கிய அமைப்புகளை சுலபத்துல இருந்து கஷ்டத்துக்கு வரிசையா அடுக்கி, ஒவ்வொண்ணா ட்ரில். "திஸ் இஸ் எ பென். தட் இஸ் எ புக்." உங்க அப்பா அம்மா கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா கேட்டுப் பாருங்க, கோரஸாவே சொல்லுவாங்க.

ட்ரில்ல எல்லாருக்கும் சரியா வரும். வெளிய வந்தா வராது. பேனாவைக் கையில வெச்சிருக்கற பையன்கிட்ட "இது பேனா"ன்னு சொல்ல வேண்டிய தேவை வாழ்க்கையில யாருக்கும் வர்றதில்லையே.

கடலூர் வகுப்பறை

இந்த இடத்துலதான் என்.எஸ். பிரபு வர்றாரு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சில்ல ஆங்கிலக் கல்வி அதிகாரியா இருந்தவர். அவரோட சந்தேகம் ரொம்ப எளிமையானது: இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தா அதே வரிசையில மூளைக்குள்ள போய் உட்காருமா? இல்ல, கவனம் முழுக்க அர்த்தத்துல இருக்கும்போது, இலக்கணம் தானா உள்ள இறங்குமா?

1979-ல இருந்து 1984 வரைக்கும், பெங்களூர் மண்டல ஆங்கில நிறுவனத்தோட சேர்ந்து, பெங்களூர், சென்னை, கடலூர் மாதிரி ஊர்ப் பள்ளிகள்ல அவரும் ஒரு ஆசிரியர் குழுவும் அதைச் செஞ்சு பார்த்தாங்க. உலகம் அதை பெங்களூர் ப்ராஜெக்ட்னு சொல்லுது. சாதாரணப் பள்ளிகள், நிறையப் பசங்க இருக்கற வகுப்புகள், தாய்மொழி வழியில படிக்கற மாணவர்கள். எடுத்த ஆசிரியர்களுக்கும் பெரும்பாலும் இங்கிலீஷ் கத்துக்கிட்ட மொழிதான்.

வகுப்பு எப்படி இருக்கும்? மேப், வீட்டு பிளான், ரயில் டைம்டேபிள் இதெல்லாம்தான் பாடம். நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி நானே ஒரு டாஸ்க் போட்டுக் காட்டறேன், டைமிங் எல்லாம் கற்பனை. திருப்பூர்ல இருந்து சென்னைக்கு மூணு ரயில். முதலாவது ராத்திரி 9 மணிக்குக் கிளம்பி விடியக்காலை 5 மணிக்குச் சேரும். ரெண்டாவது ராத்திரி 11:30-க்குக் கிளம்பி காலை 7 மணிக்கு. மூணாவது காலை 6 மணிக்குக் கிளம்பி மதியம் 1 மணிக்கு. காதர்பேட்டைல ஒருத்தர் கடையை ராத்திரி 10 மணிக்குத்தான் சாத்துவாரு. மறுநாள் காலை 11 மணிக்கு சென்னையில ஒரு பையரைப் பார்க்கணும். எந்த ரயில்? ஏன் மத்தது ஆகாது?

முதல்ல டீச்சர் போர்டுல இப்படி ஒரு கணக்கை எல்லார்கிட்டயும் கேள்வி கேட்டுக் கேட்டுச் செய்வாங்க. அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணைப் பசங்க தனித்தனியாச் செய்யணும். எல்லாம் இங்கிலீஷ்ல. "இந்த டென்ஸ் இப்படி"ன்னு தனியா இலக்கண வகுப்பு இல்ல. பையனோட தலைக்குள்ள ஓடறது "ரெண்டாவது ரயில்தான், முதலாவது கடை சாத்தறதுக்கு முன்னாடி போயிடுமே"ங்கறது. இங்கிலீஷ் அந்த யோசனையோட தோள்ல ஏறி வருது.

ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ்னு ரெண்டு பேர் வெளியில இருந்து வந்து மதிப்பிட்டு, 1985-ல முடிவை வெளியிட்டாங்க. பழைய முறையில படிச்சவங்க வாக்கிய அமைப்புப் பரீட்சையில நல்லா வந்தாங்க. டாஸ்க் முறையில படிச்சவங்க டாஸ்க் பரீட்சையில நல்லா வந்தாங்க. ரெண்டு பக்கமும் சாயாத பரீட்சைகள்ல டாஸ்க் வகுப்புகள் பெரும்பாலும் மேல வந்தது. அதுக்காக இதை மந்திரம்னு நினைக்க வேண்டாம். வழக்கமான ஆசிரியர்கள் சிலருக்கு இந்த முறை கைக்கு வரல. கேள்விகள் எந்தப் பக்கம் போகும்னு தெரியாத வகுப்புல தைரியமா நிக்கணுமே. பிரபு குழு வேலையையும் பெருசா விரும்பல. இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கற டாஸ்க் வகுப்புகள்ல குழு வேலைதான் பாதி. அதாவது, யோசனை பயணம் போகும்போது மாறியிருக்கு.

ஆனா போயிருக்கு. 1987-ல பிரபுவோட புத்தகத்தை ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. அவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடம் எடுத்தாரு. இன்னைக்கு இங்கிலீஷ் டீச்சர் டிரெய்னிங் கோர்ஸ்கள்ல டாஸ்க் முறைக்கு ஒரு பாடம் இருக்கும், அதோட ஆரம்பத்துல பெங்களூர் ப்ராஜெக்ட் இருக்கும். அந்தப் பாடத்தைப் படிச்சிட்டுத்தான் நிறையப் பேர் ஏழு பாஸ்போர்ட்ல ஒண்ணை எடுத்துக்கிட்டு கொரியாவுக்குப் போறாங்க.

முறைக்கு விசா தேவைப்படல. அதை வகுப்பறையில நின்னு உருவாக்கின ஆசிரியர்களோட பாஸ்போர்ட் அந்த ஏழுல இல்ல.

ஒரு சின்னக் கதவு

முழுக்கச் சாத்தின கதவுன்னும் சொல்ல முடியாது. 2009 ஆகஸ்ட்ல இந்தியாவும் கொரியாவும் சீப்பாங்கற பொருளாதார ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு, 2010 ஜனவரி 1-ல இருந்து அது நடைமுறைக்கு வந்தது. பனியன் முதல் கார் உதிரிபாகம் வரைக்கும் பேசற ஒப்பந்தத்துக்குள்ள, இந்திய இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கும் ஒரு வரி இருக்கு. பட்டமும் ஆங்கில ஆசிரியருக்கான தகுதிச் சான்றும் இருந்தா, பள்ளிகள்ல துணை ஆசிரியரா வரலாம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினவங்களுக்கு: நீங்க பி.எட். முடிச்சது வீண் இல்ல, இந்தக் கதவைப் பத்தி தூதரகத்துல விசாரிங்க. ஆனா வித்தியாசத்தையும் பாருங்க. அந்த ஏழு நாட்டுக்காரங்களுக்கு ஏதோ ஒரு டிகிரி போதும், நம்மகிட்ட டிகிரியும் கேப்பாங்க, சான்றும் கேப்பாங்க. அப்படியும் "துணை".

எனக்கு இதுல சான்று கேக்கறது தப்பாத் தெரியல. எல்லார்கிட்டயும் கேக்கணும்ங்கறேன்.

கடைசியா, இந்த இங்கிலீஷ் நிஜத்துல யார்கிட்டப் பேசறதுக்கு? திருப்பூர் ஏற்றுமதிக் கதையை ஆரம்பிக்கறவங்க 1978-ல வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த வெரோனாங்கற இத்தாலிக்காரர்ல இருந்து ஆரம்பிப்பாங்க. இத்தாலியும் தமிழும் நடுவுல சந்திச்ச மொழி இங்கிலீஷ்தான். இன்னைக்கு காதர்பேட்டைல, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைகள்ல, நைஜீரியாவுல இருந்து வந்து பீஸ் கணக்குல சரக்கு எடுக்கற வியாபாரிகளும் நம்ம கடைக்காரங்களும் பேசிக்கறது இங்கிலீஷ்தான். சைஸ், கலர், ரேட், எப்போ லோடு ஏறும். மெர்ச்சண்டைசர் ஒருத்தர் ராத்திரி 11 மணிக்கு ஜெர்மனிக்கு மெயில் அடிக்கறதும் அதுலதான். கொரிய இன்ஜினியர் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் கம்பெனியில நம்ம பசங்ககிட்டப் பேசறதும் பெரும்பாலும் அதுலதான். இதுல எத்தனை உரையாடல்ல ஏழு நாட்டுக்காரர் ஒருத்தராவது இருக்காரு?

கொரிய மாணவரும் நாளைக்கு வேலைக்குப் போனதும் வியட்நாம்காரர்கிட்டயும் இந்தியர்கிட்டயும்தான் அதிகமா இங்கிலீஷ் பேசப் போறாரு. அப்போ இங்கிலீஷைக் கத்துக்கிட்டு, அதை வெச்சு வேலை முடிக்கற ஒரு டீச்சர் முன்னாடி நிக்கறது அவருக்கு லாபம்தான். 1883-ல தோங்முன்ஹாக் பள்ளிக்கு அது தெரிஞ்சிருந்தது.

பிரபு 1990-ல எழுதின ஒரு கட்டுரை ரொம்பப் பிரபலம். ஒரே சிறந்த முறைன்னு எதுவும் கிடையாதுங்கறதுதான் அதோட வாதம். முறையைவிட முக்கியம், தான் என்ன செய்யறோம், ஏன் செய்யறோம், இது இந்தப் பசங்களுக்கு எப்படி உதவும்னு டீச்சருக்கே உள்ளுக்குள்ள ஒரு தெளிவு இருக்கறது. அந்தத் தெளிவு இல்லாம எந்த முறையைக் கையில கொடுத்தாலும் அது வெறும் சடங்கு.

தமிழ்நாட்டுல ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்தறவங்களும் இதைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. போர்டுல "ஃபாரின் ஆக்சென்ட்"னு போட்டாத்தான் கூட்டம் வரும்னு நினைக்கறது, அந்த ஏழு பாஸ்போர்ட் லிஸ்டை நாமளே எடுத்து நம்ம வாசல்ல ஒட்டறது மாதிரிதான். அதுக்குப் பதிலா ஒரு வாரம் ரயில் டைம்டேபிளை எடுத்துக்கிட்டு உள்ள போங்க. இல்லன்னா ஒரு பர்ச்சேஸ் ஆர்டரை. "500 பீஸ், மூணு சைஸ், வியாழக்கிழமை ஷிப்மென்ட், ஒரு மெஷின் ரிப்பேர், எதை முதல்ல தைப்பீங்க?"ன்னு இங்கிலீஷ்ல கேளுங்க. வகுப்பு என்ன பண்ணுதுன்னு பாருங்க. நடந்ததை எனக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, தமிழ்லயே.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.